வண்டிக்குள் அடைபட்ட காற்று



இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் காற்றுக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்லத் துணியார். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று தனுஷ்கோடி மணலை வாரி இறைக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று பாக் நீரிணையைக் கலக்கிக்கொண்டு வருகிறது. இத்தனை காற்று வீசும் நாட்டில் வாழும் நாம், கதவையும் கண்ணாடியையும் இறுக மூடிய வண்டிக்குள் அமர்ந்து, ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் வாங்கிப் பயணம் செய்யப் பழகிவிட்டோம். ஓரியூருக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்லும் திருப்பயணிகளும், இராமேசுவரம் கோவிலை நாடி வரும் யாத்திரிகர்களும் இன்று பெரும்பாலும் குளிரூட்டிய வேன்களிலும் பேருந்துகளிலுமே வருகின்றனர். 2025 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளிலும் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மூடிய வண்டி இனி வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் அன்று; அனைவரின் அன்றாட வாழ்வாகிவிட்டது.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு, உதிரிபாகக் கடைகளில் ஒரு புதுச் சரக்கு வந்து சேர்ந்தது. வண்டியின் ஏ.சி.க்குள் பொருத்தும் காற்று வடிகட்டியில் கிருமிகளைக் கொல்லும் மருந்து பூசியிருப்பதாகவும், 99 விழுக்காட்டுக்கு மேல் கிருமிகளை அது அழித்துவிடும் என்றும் பெட்டியின் மேல் அச்சிட்டு விற்கின்றனர். சாதாரண வடிகட்டியைக் காட்டிலும் இதன் விலை கூடுதல். தவணை கட்டி வேன் ஓட்டும் குடும்பத்தார், “இதைப் பொருத்தினால் வண்டியில் வருகிறவர்களுக்கு நோய் தொற்றாதா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வண்டியில் வருகிறவர்களுள் கைக்குழந்தைகளும், ஆஸ்துமாக்காரர்களும், எண்பது வயது முதியவர்களும் உண்டு அல்லவா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பூச்சு வடிகட்டியைக் காக்கும். வண்டியில் இருப்போரைக் காக்க அது மட்டும் போதாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பணமும் மிச்சம், ஆபத்தும் குறைவு.

வடிகட்டி செய்யும் வேலை

ஒரு வண்டியில் காற்று வடிகட்டிகள் இரண்டு உண்டு. ஒன்று எஞ்சினுக்குச் செல்லும் காற்றைச் சுத்தம் செய்வது. மற்றது, நாம் அமர்ந்திருக்கும் பகுதிக்கு வரும் காற்றைச் சுத்தம் செய்வது. நாம் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றியே. கார்களில் இது பெரும்பாலும் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். நெய்யாத செயற்கை இழைத் துணியை விசிறி மடிப்பாக மடித்து, ஒரு சட்டத்துக்குள் அடைத்ததே இந்த வடிகட்டி. நல்ல வடிகட்டிகளின் இழைகளில் மின்னேற்றம் செய்யப்பட்டிருக்கும். சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்குமே, அதுபோல நுண்ணிய தூசியை இழை தன்பால் இழுத்துக்கொள்ளும். சிலவற்றில் வாடையை உறிஞ்சுவதற்குத் தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றின் கரியைப் பக்குவப்படுத்திச் சேர்த்திருப்பார்கள்.

நம் பகுதியில் இதற்கு ஓயாத வேலை. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களின் உப்புத் தூசி, சீமைக்கருவேல மூட்டங்களின் கரிப்புகை, கடற்கரை மணல் எல்லாம் இதில்தான் வந்து படிகின்றன. இவற்றுள் உப்பின் குணத்தை இல்லத்தரசியர் நன்கு அறிவர். அடைமழைக் காலத்தில் சாடியில் இருக்கும் உப்பு தானாகவே நீர்த்துப்போகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் இத்தகைய ஈரப்பதம் சர்வசாதாரணம். ஆகவே உப்புப் படிந்த வடிகட்டி உள்நாட்டு வண்டியின் வடிகட்டியைப் போல் எளிதில் உலர்வதில்லை. அதற்கு அடுத்தாற்போலவே ஏ.சி.யின் குளிர்சுருள் இருக்கிறது. குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஈரம், இருட்டு, தூசி இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? காலையில் ஏ.சி.யைத் திருப்பியவுடன் மூக்கில் அடிக்கும் புழுங்கிய வாடையின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுவே.

செம்பும் வெள்ளியும்

கிருமியை உலோகத்தால் அடக்கலாம் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தி அன்று. குடிநீரைச் செம்புக் குடத்தில் வைப்பதும், குழந்தைக்கு வெள்ளிச் சங்கில் பால் புகட்டுவதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கங்கள். மிகச் சிறிய அளவு உலோகமே நுண்ணுயிர்களைக் கொல்கிறது என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் கார்ல் வில்ஹெல்ம் நேகெலி ஆராய்ந்து கண்டார். அவரது ஆய்வு அவர் மறைந்த பின் 1893இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1880களில், ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் துளிகளை இட்டு, எத்தனையோ பிள்ளைகளைக் குருடாகாமல் காத்தார். ஈரம் பட்டதும் வெள்ளியிலிருந்து பிரியும் அயனிகள் கிருமியின் மேலுறையைத் துளைத்து, அதன் உயிரியக்கத்தைக் குலைக்கின்றன. இன்றைய வடிகட்டிகளில் பூசப்படுவனவற்றுள் வெள்ளி, செம்பு, துத்தநாகச் சேர்மங்கள் முக்கியமானவை.

பூச்சின் அருமையைக் கடற்கரை மக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகுக்கு, உப்புக்காற்றைத் தாங்கும் பாலிசிலோக்சேன் பூச்சுதான் கவசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி, பழுது பார்த்து, வர்ணம் பூசுகிறோம். படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசும் வர்ணத்தில் செம்பின் சேர்மம் கலந்திருப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். வடிகட்டிப் பூச்சும் அந்த வர்ணத்தின் உறவுதான். படகில் பாசி ஏறாமல் காப்பது அது; மடிப்புத் துணியில் பூஞ்சை ஏறாமல் காப்பது இது.

பலன் கண்ட இடங்கள்

இத்தகைய பூச்சு வெறும் வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிடவும் கூடாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மருத்துவமனைகளில் புண் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் பயன்படும் குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்தை வடிகட்டியில் பூசி, ஓடும் இரயில் பெட்டிகளில் 3 மாத காலம் பொருத்திப் பார்த்தனர். மருந்து பூசாத வடிகட்டிகளையும் ஒப்பீட்டுக்காக உடன் வைத்தனர். பூசாதவற்றில் உயிருள்ள பாக்டீரியாக்கள் தங்கியிருந்தன, பூசியவற்றில் காணப்படவில்லை. இந்த முடிவு 2022இல் வெளியாயிற்று.

நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர்கள் சூரியசாரதி போஸ், கௌசிக் சாட்டர்ஜி ஆகியோரின் குழுவினர், பச்சைத் தேயிலையில் உள்ள பாலிபீனால் என்னும் பொருளையும் ஒருவகைப் பாலிமரையும் கொண்டு கிருமியை அழிக்கும் காற்று வடிகட்டியை உருவாக்கினர். இதற்கு 2022இல் காப்புரிமை கிடைத்தது. ஆய்வகச் சோதனையில் கொரோனாக் கிருமியின் டெல்டா வகையை 99.24 விழுக்காடு செயலிழக்கச் செய்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. கபூர்தலா இரயில் பெட்டித் தொழிற்சாலையோ 2020 ஜூலையில், செம்பு பூசிய கைப்பிடிகளும் டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சும் காற்றைச் சுத்திகரிக்கும் கருவியும் கொண்ட புதுப் பெட்டி ஒன்றை வடிவமைத்துக் காட்டியது.

இவை பாராட்டுக்குரிய முயற்சிகள். வடிகட்டியில் சிக்கிய கிருமி அங்கேயே வாழ்ந்து பெருகாமல் தடுப்பதும், அதை மாற்றும் மெக்கானிக்கின் கையில் ஒட்டாமல் தடுப்பதும் சிறிய நன்மைகள் அல்ல.

பூச்சு எட்டாத இடம்

ஆனால், பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள 99 விழுக்காடு எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கிருமிநாசினிப் பரப்புகளைச் சோதிப்பதற்கென்று உலகப் பொதுவான முறைகள் சில உண்டு. அவற்றுள் மிகவும் வழக்கமான ஒன்றில், கிருமி கலந்த நீர்மத்தைப் பூச்சின்மேல் இட்டு, மெல்லிய தகட்டால் மூடி, ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில், மிகுந்த ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைத்துவிடுகிறார்கள். பிறகு எத்தனை கிருமி பிழைத்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். ஓடும் வண்டியிலோ காற்று ஒரு நொடிக்குள் வடிகட்டியைக் கடந்துவிடுகிறது. இழையில் படாமல் நழுவிச் சென்ற கிருமியைப் பூச்சு ஒன்றும் செய்யாது. கிருமியைப் பிடிப்பது வடிகட்டியின் வேலை. பிடிபட்டதைக் கொல்வது மட்டுமே பூச்சின் வேலை. பிடிக்கும் திறன் குறைந்த மலிவான துணியில் எவ்வளவு விலையுயர்ந்த மருந்தைப் பூசினாலும், அது ஓட்டை வலையைச் சாயத்தில் தோய்த்த கதைதான்.

இன்னொன்றும் உண்டு. பூச்சின் மேல் தூசிப் படலம் ஏறிவிட்டால், புதிதாக வரும் கிருமி பூச்சைத் தொடுவதே இல்லை. தூசியின் மேல் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். மணலும் கரிப்புகையும் மிகுந்த நம் சாலைகளில் இது விரைவிலேயே நேரும்.

எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் மூன்றாவது. ஒருவர் இருமும்போது, அந்தக் காற்று வடிகட்டியைச் சென்றடையும் முன்னரே பக்கத்தில் இருப்பவரின் மூக்கைச் சென்றடைந்துவிடுகிறது.

இதற்குச் சான்றாக, சீனத்தின் கிழக்குக் கரையில் உள்ள நிங்போ நகரில் 2020 ஜனவரியில் நடந்ததைச் சொல்லலாம். பௌத்த ஆலயம் ஒன்றின் வழிபாட்டுக்காக இரண்டு பேருந்துகளில் மக்கள் புறப்பட்டனர். போக 50 நிமிடம், வர 50 நிமிடம். ஒரு பேருந்தில் 60 பேர். மற்றதில் 68 பேர். இரண்டாம் பேருந்தில் இருந்தவர்களுள் ஒருவருக்குக் கொரோனாத் தொற்று இருந்தது. அதை எவரும் அறியார். வண்டியின் குளிர்சாதனம் உள்காற்றையே சுற்றவிடும் முறையில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் கணக்கெடுத்தபோது, அவரோடு பயணம் செய்த 67 பேரில் 23 பேருக்கு நோய் கண்டிருந்தது. முதல் பேருந்தில் ஒருவருக்கும் இல்லை. நோயாளிக்கு அருகில் இருந்தவர்கள் மட்டும் அன்றி, தொலைவில் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டனர். கதவை ஒட்டி இருந்தவர்களுக்கு நோய் வரவில்லை. திறக்கக்கூடிய சன்னலின் அருகில் இருந்தவர்களுள் ஒரே ஒருவருக்குத்தான் வந்தது.

இதைப் படிக்கும்போது நம் திருப்பயண வேன்களை எண்ணாமல் இருக்க முடியுமா? அவர்களும் நம்மைப் போலவே வழிபாட்டுக்குப் புறப்பட்ட எளிய மக்கள். நாமோ 50 நிமிடம் அல்ல, நான்கைந்து மணி நேரம் பயணம் செய்கிறோம்.

காக்க வந்ததே கேடானால்

பூச்சு போதாமல் போவது ஒரு குறை. அது பெயர்ந்து நம் நுரையீரலுக்குள் செல்லுமானால் அது பெருங்கேடு. தென் கொரியாவில் இது நடந்தது.

அந்நாட்டில் குளிர்காலத்தில் வீட்டுக் காற்றை ஈரப்படுத்தும் கருவியை வைப்பது வழக்கம். அதன் நீரில் பாசி பிடிக்காதிருக்கக் கலக்கும் கிருமிநாசினி ஒன்று 1994 முதல் கடைகளில் விற்பனையாயிற்று. தோலில் பட்டால் பெரிய தீங்கு இல்லை என்பதால் அந்த மருந்து ஆபத்தற்றதாகக் கருதப்பட்டது. ஆனால் நீராவியோடு சேர்ந்து மூச்சில் கலந்தபோது அது நுரையீரலை இறுகச் செய்துவிட்டது. குழந்தைகளும் கர்ப்பிணிப் பெண்களும் காரணம் தெரியாமலே மாண்டனர். 2011இல்தான் உண்மை வெளிப்பட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கானோர். பிள்ளையின் நலத்துக்காகத் தன் கையாலேயே அந்த மருந்தை நீரில் ஊற்றிய தாய்மாரின் துயரம் சொல்லில் அடங்காது.

அந்தக் காயம் ஆறும் முன்னர், 2016 ஜூலையில், காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளிலும் கார் ஏ.சி.களிலும் பொருத்திய கிருமிநாசினி வடிகட்டிகளில் ஓ.ஐ.டி. என்னும் நச்சுப் பொருள் பூசப்பட்டிருப்பதை அந்நாட்டு அரசு கண்டறிந்தது. சோதனையில் கார் வடிகட்டிகளை ஓட்டிப் பார்த்தபோது, 8 மணி நேரத்திலேயே பூச்சில் இருந்த அப்பொருளில் கால் பங்குக்கு மேல் காற்றில் கலந்துவிட்டது. உடனே அவ்வடிகட்டிகளைத் திரும்பப் பெற அரசு ஆணையிட்டது.

கடலிலும் இதே பாடம் ஒருமுறை கற்கப்பட்டது. செம்பைவிட வலிமை வாய்ந்தது என்று டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மத்தைப் படகு வர்ணத்தில் கலந்தார்கள். படகு சுத்தமாயிற்று, ஆனால் 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நலிந்து, அதை நம்பிய குடும்பங்கள் நொடித்தன. வர்ணத்திலிருந்து கரைந்த நஞ்சே காரணம் என்று தெரியவந்தது. 2001இல் உலக நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. 2008இல் அத்தடை நடைமுறைக்கு வந்தது.

ஒரு பொருள் கிருமியைக் கொல்லுமா என்பது பாதிக் கேள்விதான். அது பூசிய இடத்திலேயே நிற்குமா, மூச்சோடு உள்ளே சென்றால் என்ன செய்யும் என்பது மீதிக் கேள்வி. பெட்டியின் மேல் முதற்பாதிக்கு மட்டுமே விடை அச்சிடப்பட்டிருக்கிறது. பூச்சின் பெயரைக்கூடச் சொல்லாத சரக்கை வாங்காதிருப்பதே நல்லது.

நாம் செய்யத்தக்கவை

1. வெளிக்காற்றை உள்ளே வரவிடுங்கள். ஏ.சி. இருந்தாலும், உள்காற்றைச் சுற்றவிடும் பொத்தானை அணைத்து வெளிக்காற்று முறையில் ஓட்டுங்கள். கரிமூட்டத்தையோ முன்செல்லும் லாரியின் புகையையோ கடக்கும்போது சிறிது நேரம் மூடினால் போதும். குளிர் சற்றுக் குறையும், நோயும் குறையும்.

2. வடிகட்டியைக் காலத்தில் மாற்றுங்கள். பொதுவாக 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நம் மணற்சாலைகளில் அதற்கு முன்பே கழற்றிப் பார்க்க வேண்டும். அடைத்துக் கறுத்த விலையுயர்ந்த வடிகட்டியைவிடப் புதிய சாதாரண வடிகட்டி மேலானது.

3. வடிகட்டியை நீரில் கழுவி மீண்டும் போடாதீர்கள். கழுவலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருந்தாலன்றி அது கூடாது. கழுவினால் இழையின் மின்னேற்றம் கெட்டுவிடும்.

4. வடிகட்டியின் மேலோ காற்று வரும் துளைகளிலோ பினாயில், டெட்டால், வாசனைத் திரவியம் எதையும் தெளிக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் ஓட்டுநர்கள் இதைச் செய்கின்றனர். தென் கொரியத் தாய்மாரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தனர்.

5. பயணம் முடியச் சில நிமிடங்களுக்கு முன் குளிரை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். குளிர்சுருள் உலரும், பூஞ்சை குறையும். நீர் வடியும் குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து காற்றாட விடுங்கள். தேநீருக்கு நிறுத்துகிறோமே, அப்போதே செய்யலாம்.

இறுதியாக ஒரு வார்த்தை. வண்டியில் ஒருவர் தொடர்ந்து இருமினால் மற்றவர்களின் பார்வை அவர்மீது திரும்புகிறது. “இவரை ஏன் ஏற்றினார்கள்?” என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. காசநோய் காற்றின் வழியே பரவுவது உண்மைதான். ஆனால் 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலேயே தங்கி மருந்து உண்டவர்கள், தனி மருத்துவமனையில் வைக்கப்பட்டவர்களைப் போலவே குணமடைந்ததையும், அவர்களால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதையும் உலகுக்கு எடுத்துக்காட்டியது. முறையாக மருந்து உண்பவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிக்கும் ஒருவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நம் கடமை. அங்கே சோதனையும் சிகிச்சையும் இலவசம். அதுவரை, திறந்திருக்கும் சன்னல் எல்லோரையும் காக்கும். இன்னார் நோயாளி என்று அது எவரையும் சுட்டிக்காட்டுவதில்லை. எவரையும் வண்டியிலிருந்து இறக்கிவிடுவதும் இல்லை.

எனவே, அடுத்த திருப்பயணத்துக்கு வண்டி பேசப் போகும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடகை எவ்வளவு, இருக்கை எத்தனை, பாட்டுப்பெட்டி உண்டா என்று கேட்கிறீர்கள். அவற்றோடு, “கண்ணாடி திறக்குமா? ஏ.சி.யில் வெளிக்காற்று வருமா? வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள்?” என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். வண்டிக்காரர் முதல் முறை வியப்பார். பத்துப் பேர் கேட்டால் வழக்கமாகிவிடும்.